இரண்டாவது கேள்வி

நல்லம்பள்ளி வாரச்சந்தையில் ஆடு வாங்க வருகிறவர், விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார், முதுகை அழுத்திப் பார்ப்பார், பிறகு கேள்வி கேட்கத் தொடங்குவார். இரண்டு பல் போட்டது என்று பதில் வந்தால், போட்டு எத்தனை மாசம் ஆச்சு என்பார். பொய் சொல்பவர் மாட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான். முதல் கேள்விக்கான விடையை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வந்துவிடலாம். அதே ஊரில் ஒரு மாணவர் சமூக ஊடகப் படிப்பை இணையவழியில் முடித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்கு உட்காரும்போது அவருக்கு நேர்வதும் இதுவே. ‘ரீச்’ (ஒரு பதிவு எத்தனை பேரை எட்டியது என்ற கணக்கு) என்றால் என்ன என்பது முதல் கேள்வி; அதற்கான வரையறை பாடக்குறிப்பில் இருக்கிறது. இந்தச் சந்தைக்குச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கினால் ‘ரீச்’ பெரிதா, வாங்க வருகிறவர் எண்ணிக்கை பெரிதா என்று அடுத்த கேள்வி வரும்போது பாடக்குறிப்பு உதவாது. இங்கே பழைய தத்துவக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: கேட்டால் சொல்ல முடியாத ஒன்றை ஒருவர் அறிந்திருக்கிறார் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது என்ற பக்கம்தான் தமிழ் மரபு சாய்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் அதன் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கே போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. இதைப் படிப்பு முறை பற்றிய அறிவுரையாக மட்டும் நான் வாசிக்கவில்லை. அறிவு முதலில் உள்ளே முழுமையாக உருவாகிறது, பிறகு வாய் அதை வெளியே கொண்டுவருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பவணந்தியாரின் கணக்குப்படி சொல்லும் செயலிலேயே பாதி அறிவு உருவாகிறது. அப்படியானால் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராவது விடைகளை உருப்போடுவது அல்ல. காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் மூன்று முறை பார்ப்பதும் அல்ல. அது முதல் கால் பங்கையே திரும்பத் திரும்ப அளப்பது. பாடம் தெரியாத ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ டீக்கடைக்காரரிடமோ, உரக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் தயாரிப்பு. அவர் ‘ஏன்?’ என்று இடைமறிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தின் மீது வைக்கும் குறையும் இதை ஒட்டியதுதான்: எழுத்தைத் திருப்பிக் கேட்டால் அது சொன்னதையே சொல்லும். இன்று கேட்கக் கேட்க மாற்றிச் சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றிடம் எழுதி வாங்கிய கட்டுரையைத் திருப்பிக் கேட்டால், பதில் சொல்வது இயந்திரமே தவிர, கட்டுரையின் தலைப்பில் பெயர் போட்டுக்கொண்டவர் அல்ல.

சொல்ல முடியாதது அறிவல்ல என்பதற்கு வலுவான மறுப்பு சந்தைக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் திறப்பதே இல்லை. கைப்பக்குவம் உள்ள சமையல்காரரிடம் அளவு கேட்டால் சிரிப்பார். சொல்ல முடிவதைவிட அதிகமாகவே நாம் அறிந்திருக்கிறோம் என்பதை மைக்கேல் போலனி 1966இல் வெளிவந்த நூலில் விரிவாக வாதிட்டார். மறுப்பு உண்மைதான். ஆனால் அது பிரசங்கத்தைத்தான் வீழ்த்துகிறது, எதிர்க்கேள்வியை அல்ல. தரகரால் மாட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்ற முடியாமல் போகலாம். இந்த மாட்டுக்கு ஏன் ஐந்நூறு குறைத்தீர்கள் என்று கேட்டால் பல்லையும் முதுகையும் தொட்டுக் காட்டிவிடுவார். அவருக்குப் பேச வராவிட்டாலும் காரணம் கைவசம் இருக்கிறது.

அதைவிடக் கடினமான மறுப்பு நீதியைப் பற்றியது. வாய்மொழித் தேர்வில் கேட்பவர் கை ஓங்கியிருக்கும். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண் வைத்திருந்தது. ஒரு மாணவரிடம் இரண்டு மூன்று நிமிடமே பேசினார்கள் என்றும், கேட்டதும் பெற்றோர், இருப்பிடம் பற்றித்தான் என்றும் வழக்குப் போனது. அந்த அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. உரையாடலை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அன்று அது ஓர் ஆசையாகவே இருந்தது. இன்று திரையில் நடக்கும் தேர்வை ஒரு பொத்தானைத் தட்டிப் பதிவு செய்துவிடலாம். இணையத்தைக் குறைசொல்கிறவர்கள் (நானும் சில நாள் அந்தக் கூட்டத்தில் உண்டு) இந்த ஒரு வசதியையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்ப்பு கண்டித்த இரண்டு மூன்று நிமிடத்தையும் கவனியுங்கள். அவ்வளவு நேரத்தில் முதல் கேள்வியைத்தான் கேட்க முடியும். ஒருவருக்கு வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டு இரண்டாவது கேள்வி கேட்காமல் அனுப்பினால், சோதிக்கப்பட்டது அவருடைய முகமும் உச்சரிப்பும்தான்.

உச்சரிப்பு என்றதும் மொழி வந்துவிடுகிறது. தமிழ் வழியில் படித்தவரிடம் ‘அல்காரிதம்’ எப்படி வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டு, அவர் திணறினால் பாடம் தெரியவில்லை என்று எழுதுவது பொய்க் கணக்கு. வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அது வருவது அமைச்சர்களைப் பற்றிய அமைச்சியலில். அரசவையில் பேசுவதே தொழிலாகக் கொண்டவரிடம் எதிர்பார்த்த துணிச்சலைப் படிப்பை இப்போதுதான் முடித்தவரிடம் தேர்ச்சிக்கான நிபந்தனையாக்க முடியாது. திக்கிப் பேசுகிறவருக்கும் கூச்சப்படுகிறவருக்கும் இது இன்னும் பொருந்தும். கேள்வி அந்த நொடியில் பிறந்ததாக இருக்க வேண்டும், பதிலும் அங்கேயே வர வேண்டும் என்பதுதான் வாய்மொழித் தேர்வின் உயிர் என்றால், தொண்டை கட்டாயமில்லை. தேர்வாளர் தமிழில் கேட்கட்டும். மாணவர் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்து பதில் தரட்டும். தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, ‘சரி, அது ஏன்?’ என்று கேட்கட்டும்.