அந்தக் கதையை யார் சொல்வது?

எல்லா வீட்டிலும் அச்சேறாத ஒரு நகைச்சுவைத் தொகுப்பு இருக்கிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டு சுற்றும்போதோ, கரண்ட் போன ராத்திரியில் மொட்டைமாடியில் பாய் விரித்திருக்கும்போதோ அது அரங்கேறும். மூடியைச் சரியாக அழுத்தாமல் மிக்ஸியைத் திருகி, சட்னி கூரையைத் தொட்ட கதை. விருந்தாளியின் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்து, அவர் மரியாதைக்காக டம்ளரைக் காலி செய்த கதை. இதில் கண்டெடுப்புகள் தனி அத்தியாயம். ஐஸ்க்ரீம் டப்பாவைத் திறந்தால் தோசைமாவு, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் வெந்தயம். பெயர் வேறு, பொருள் வேறு என்ற தத்துவத்தை நம்மூர்ப் பிள்ளைகள் ஃப்ரிட்ஜைத் திறந்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

இந்தக் கதைகளைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. இவற்றைச் சொல்லிச் சிரிக்க யாருக்கு உரிமை? “சும்மா சிரிக்கிறதுக்கெல்லாம் உரிமையாப்பா?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சின்னதுதான். ஆனால் ஒரு வீட்டின் அதிகாரக் கணக்கு முழுக்க அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வலியையோ அழிவையோ உண்டாக்காத பிழைதான் நகைப்புக்குரியது என்பார் அரிஸ்டாட்டில். கேட்க நன்றாக இருக்கிறது. சமையலறையில் அந்தக் கோடு ரொம்ப மெல்லியது. தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டால், அதன் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு உருகி வழிவிடும். எளிதில் உருகக்கூடிய ஒரு துளி உலோகம், அவ்வளவுதான். அது வேலை செய்தால் நமக்கு ஒரு ஜோக். செய்யாவிட்டால் ஆஸ்பத்திரி. இரண்டிலும் மறதி ஒன்றேதான். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதற்கு ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ என்று பெயர் வைத்து விவாதித்தார்கள். நேகல் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்வார். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கிறார். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் காலம் முழுக்கப் பழி. வராவிட்டால் அது இன்னொரு சாதாரண நாள். நாம் சிரிக்கும் வீட்டு விபத்துகளில் பாதி, குழந்தை குறுக்கே வராத நாட்கள். அந்தச் சிரிப்பில் ‘நல்லவேளை’ என்ற பெருமூச்சும் கலந்திருக்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் வேறு இடத்தில். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. இதில் எள்ளலுக்கு உரை எழுதும்போது பேராசிரியர் நுட்பமான ஒரு காரியம் செய்கிறார். எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமும் சிரிப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிரிப்பு. ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் கேட்பது. அந்த இரண்டாவது சிரிப்பைச் சிரிப்பவர் பெரும்பாலும் யார் என்று உங்கள் வீட்டில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் உறவு வட்டத்தில் எண்ணினால் விடை சுலபம். அம்மாக்கள், அத்தைகள், புதிதாக வந்த மருமகள்கள். ஆண்களின் சொதப்பல்களும் கதையாகின்றன, ஆனால் சாகசக் கதையாக. பக்கத்து வீட்டு மாடிக்குள் ராக்கெட் விட்ட மாமா ஊரறிந்த வீரர். சாம்பாரில் உப்பை மறந்த அத்தை வெறும் மறதிக்காரி.

எண்ணிக்கை என்று வந்தால் பொறியாளன் புத்தி சும்மா இருக்காது. நாளுக்கு மூன்று வேளை, வருடத்துக்கு 1,095. முப்பது வருடத்தில் 32,850 சமையல். அதில் மூன்று முறை உப்பு மறந்தது என்று வைத்துக்கொள்வோம். வெற்றி விகிதம் 99.99 சதவீதம். எங்கள் துறையில் இதை ‘நான்கு ஒன்பது’ என்பார்கள். சர்வர் விற்கும் நிறுவனங்கள் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு விளம்பரம் செய்கின்றன. அத்தை அதைத் தனியாளாக, விடுப்பு இல்லாமல் செய்துகாட்டினார். நினைவில் நின்றதோ அந்த மூன்று சாம்பார்கள். எவர் அதிகம் வேலை செய்கிறாரோ அவரிடம்தான் அதிகம் தவறும். அடுப்படிப் பக்கமே போகாதவர் எதையும் தீய்த்ததில்லை.

அலுவலகத்தில் ஒரு சிஸ்டம் விழுந்தால் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். அதில் ‘யார்’ இருக்கக்கூடாது, ‘எப்படி’ மட்டும்தான். அந்த முறையை வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்றால், எனக்குச் சம்மதமில்லை. பெயரில்லாத அந்த ஆவணங்களை யாரும் திரும்பப் படிப்பதில்லை. தாத்தா பாட்டியெல்லாம் போன பிறகும் நம்மோடு இருப்பது அவர்களுடைய சொதப்பல்களால்தான். பெயரை அழித்துவிட்டால் அது குடும்பம் இல்லை, கம்பெனி.

கண்டெடுப்புகளில் விஷயம் இன்னும் சிக்கல். 2018இல் பெரியம்மா வீடு மாறியபோது, பட்டுப்புடவை மடிப்புக்குள்ளிருந்து ஏழு பழைய ஐநூறு ரூபாய்த் தாள்கள் விழுந்தன. 2016 நவம்பர் 8 இரவு செல்லாது என்று அறிவிக்கப்பட்ட தாள்கள். வங்கியில் கட்ட அந்த டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. ஒளித்த இடத்தைப் பெரியம்மா மறந்திருந்தார். வீடே சிரித்தது. அண்ணன் படமெடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். பெரியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “ஏன்டா, பேங்க்ல எடுத்துட்டுப் போய்க் கேட்டா தரமாட்டானா?” என்றார். இன்னும் பலமாகச் சிரிப்பு.

அந்த 3,500 ரூபாய் அவருடைய சிறுவாடு. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்தது. யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணமாக அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். பணம் போனதோடு, ஒளித்து வைத்திருந்ததும் அம்பலமானது. அரிஸ்டாட்டில் சொன்ன ‘வலியில்லாத பிழை’ இது இல்லை. வலி இருந்தது. எல்லோருக்கும் முன்னால் அதைச் சிரிப்பாக மாற்ற வேண்டிய வேலையையும் அவரேதான் செய்தார். பழைய தாள்களைப் பத்துவரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஏழும் இன்னும் அவரிடமே இருக்கின்றன.

அப்படியானால் சிரிக்கவே கூடாதா? சிரிக்காத வீட்டில் என்னால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. நான் வைத்திருப்பது ஒரு சின்ன விதி மட்டும். கூரையில் ஒட்டிய சட்னியை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தவர் எவரோ, கதை அவருடையது. அவர் சொன்னால் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அவர் இல்லாதபோது நாம் சொல்ல நேர்ந்தால், துடைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாம்பாரைப் பற்றிச் சொன்னால் மற்ற 32,847ஐயும் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லும்போது கதை கொஞ்சம் நீளும், சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். வராமல் போன கதைகளும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றை இப்போது நான் சொல்வதில்லை.