பெருநாள் அடுப்பும் ஸுபுஹுத் தொழுகையும்

பிறை தெரிந்துவிட்டது என்ற செய்தி வந்ததுமே நம் இல்லங்களில் அடுப்பங்கரை அல்லோலகல்லோலப்படுகிறது. பூண்டு உரிக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், கறி இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்தபடி ஒருவர். நடுநிசி தாண்டிக் கண்ணயரும் தாய்மார்கள் சிலருக்கு, நோன்பு நாளெல்லாம் தவறாத ஸுபுஹுத் தொழுகை பெருநாளன்று தவறிப் போகிறது.

இக்குற்றம் யாருடையது? பெண்களுக்கு ஒழுங்காக வேலை செய்யத் தெரியவில்லை என்று ஆண்களாகிய நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். ஆனால் விருந்துக்கு எத்தனை பேர் என்பதைக் கடைசி நேரத்தில் சொல்பவர் யார்? இரவு பத்து மணிக்குக் கறியைக் கொண்டு வந்து வைப்பவர் யார்? பிரியாணியோடு வட்டிலப்பமும் வேண்டும் என்பவர் யார்? குழப்பத்தை வெளியிலிருந்து நாமே கொண்டு வந்து கொடுத்துவிட்டு, ஒழுங்கை அவர்களிடம் கேட்பது நீதியாகுமா?

பிறை என்றைக்கென்று தெரியாதே, அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்பர் சிலர். ஒட்டகையைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை இவர்கள் மறந்து விடுகின்றனர். மாதம் 29லும் முடியலாம், 30லும் முடியலாம். எனவே 28ஆம் நோன்பன்றே அரிசியைக் கல் நீக்கி வைப்பதும், மசாலாவை அரைத்து மூடி வைப்பதும், தேக்சாவைக் கழுவிக் கவிழ்ப்பதும் ஒட்டகையைக் கட்டுவதே ஆகும். பிறை கண்ட பின் கறியும் தேங்காய்ப்பாலும் மட்டுமே மிஞ்சும். புழங்கிய பாத்திரத்தை அவ்வப்போதே கழுவி விட்டால் கைக்கு இடம் கிடைக்கும். பச்சைக் கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் நன்கு கழுவாமல் தயிர்ப் பச்சடிக்கு எடுக்கலாகாது. சுத்தமும் ஈமானைச் சேர்ந்ததல்லவா?

இன்னொன்றையும் சிந்திப்போம். நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நாயகம் (ஸல்) அவர்கள் உண்டவை ஒற்றைப்படையான பேரீச்சம் பழங்களே. பிரியாணி தொழுகைக்கு முன்பே தயாராக வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. அது நம் அவசரமே. அதற்குள் கொடுபட வேண்டியது பித்ராவாகும். பித்ரா, பேரீச்சம் பழம், தொழுகை, அதன் பின் விருந்து. இந்த வரிசை சரியாக அமைந்தால் அடுப்பங்கரையின் வரிசையும் தானே சரியாகும்.

நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை புகாரியில் காண்கிறோம். பணியும் தொழுகையும் ஒன்றையொன்று விழுங்காத வாழ்வு அது. அந்த ஸுன்னத்தைப் பின்பற்ற விரும்புகிறவர் இந்தப் பிறை இரவில் பூண்டுத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக் கொள்ளட்டும். வீட்டுப் பெண்களை நேரத்தோடு உறங்கச் சொல்லட்டும்.

பெருநாளின் ஸுபுஹு நம் இல்லத்தார் அனைவருக்கும் கிடைத்திட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.