எளிதாக்குவது இரக்கமா?

பாடத்தைக் குறைத்துக் கொடுப்பது மாணவன்மீது நாம் கொண்ட இரக்கமா, அன்றி அவனால் இயலாதென்று முன்கூட்டியே எழுதிவிட்ட தீர்ப்பா? தமிழகத்தில் 2018-19 கல்வியாண்டில் 9, 11ஆம் வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு 10, 12ஆம் வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தபோது, ஆங்கிலம் கற்பிக்கும் நம்மை உறுத்திய வினா இது.

நூல் எல்லார்க்கும் ஒன்று; வகுப்பறைகள் ஒன்றல்ல. வீட்டில் ஆங்கில நாளிதழ் வரும் பிள்ளையும், அம்மொழியை வகுப்புக்கு வெளியே கேட்டறியாத பிள்ளையும் ஒரே பக்கத்தைத் திறக்கின்றனர். ஆகவே, பாடத்தை மாணவருக்கேற்ப அமைத்தே தீரவேண்டும். நம்மில் பலர் அறிந்த வழி, வரிக்கு வரி தமிழில் பொருள் கூறி, விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது. (நாமும் செய்திருக்கிறோம், தேர்ச்சி விழுக்காடு குறையவில்லை.) ஆனால் ஆண்டு முடியும்போதும் அப்பிள்ளை ஓர் ஆங்கிலப் பத்தியைத் தானே படித்துப் பொருள் கண்டதில்லை.

பத்தியை அப்படியே வைத்து, அதை எட்டுவதற்குப் படிகள் அமைக்கலாம். கடினச் சொற்கள் ஐந்தை முன்னரே பழக்கி, ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டி, தமிழிலேயே விவாதிக்கவிட்டு, பின் இரண்டு வாக்கியமேனும் ஆங்கிலத்தில் அவர்களையே எழுதச் செய்யலாம். இதனால் வேறு பாடங்கள் பின்தங்கும். எதை விடலாம், எதை விடலாகாது எனத் தெளிய, மாணவன் அடையவேண்டிய கற்றல் விளைவை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் அமர்ந்திருந்த பயிற்சியில் நூலை அறிமுகம் செய்தனர். க்யூஆர் குறியீட்டைப் பயன்படுத்தக் காட்டினர். பின்தங்கிய மாணவன் ஒருவனின் குறிப்பேட்டை முன்வைத்து, “இப்பாடத்தை இவனிடம் எவ்வாறு கொண்டுசெல்வீர்கள்?” என்று எவரும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் உரிய நேரத்தில் வந்தது.