வாசலில் நிற்கும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

ஒக்டோபர் 31 ஆம் நாள் மாலையில் அமெரிக்க நகரங்களின் குடியிருப்புத் தெருக்களிலே, பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவர். ஹலோவீன் எனப்படும் அந்நாளில், தட்டியது யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமலே ஒரு பிடி இனிப்பை அதன் பையில் இடுவது வழக்கம். விலையின்றி எதுவும் எளிதிற் கைமாறாத ஒரு சமுதாயத்தில் இவ்வழக்கம் எஞ்சியிருப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எதைக் கொடுப்பது என்று கேட்டவுடன், அச்சமுதாயத்தின் முரண்பாடுகள் பலவும் அந்தச் சிறு பைக்குள் வந்து விழுகின்றன.

பழைய இங்கிலாந்திலே, இறந்தோர் நினைவு நாளையொட்டி ஏழைகள் வீடுதோறும் சென்று, அவ்வீட்டில் மாண்டோருக்காகப் பிரார்த்திப்பதாகக் கூறி, அதற்கெனச் சுட்ட சிறு பணியாரங்களைப் பெற்றனர். அஃது இரத்தல் அன்று. ஒருவகைக் கொடுக்கல் வாங்கலே. இத்தகைய வழக்கங்களை அயர்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சீனிப் பங்கீடு 1947 இல் முடிந்தபின் சிறுவரின் வாசற்படி ஊர்வலம் நாடெங்கும் பரவிற்று. அப்போது கொடுக்கப்பட்டவை பலவகை: அப்பிள், கடலை, வீட்டிலே பாகு காய்ச்சிப் பிடித்த சோளப்பொரி உருண்டை, சில்லறைக் காசு. இன்று அவ்வுருண்டையை அந்நியர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால், அதன் தாய் பெரும்பாலும் அதைக் குப்பைக்கூடையில் எறிந்துவிடுவாள். ஆலையில் உறையிட்ட பண்டமே ஏற்புடையதாயிற்று.

இம்மாற்றத்தை அச்சம் பெரிதும் உறுதிப்படுத்திற்று. 1974 ஆம் ஆண்டு ஹலோவீன் இரவில் ரெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைட் கலந்த இனிப்புத் தூளை உண்டு மாண்டான். நஞ்சிட்டவன் அயலவன் அல்லன். காப்புறுதிப் பணத்துக்காக அதனைச் செய்தவன் பெற்ற தந்தையே. 1982 இல் சிக்காகோ நகர்ப்புறத்தில், கடைகளில் வாங்கிய நோவகற்றும் குளிசைகளில் யாரோ நஞ்சிட்டதால் எழுவர் மாண்டனர். சந்தேகம் கடைச் சரக்கின்மேல் விழுந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஹலோவீனிலோ அது அடுத்த வீட்டுக் கதவின்மேலும் விழுந்தது. சில மருத்துவமனைகள் சிறுவரின் இனிப்புப் பைகளை எக்ஸ்-கதிரிற் சோதித்தன. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைத் தேடி ஆராய்ந்தார். வீடு வீடாகச் சென்று பெற்ற பண்டத்தில் அந்நியர் இட்ட நஞ்சால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றையேனும் அவர் காணவில்லை. எனினும் அயலவன்மேல் மனிதன் கொண்டிருந்த நம்பிக்கை பெயர் தெரியாத கம்பனியின் உறைக்கு மாற்றப்பட்டுவிட்டது. இதனால் இலாபமடைந்தவர் யார் என்பதை வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளையின் பல்லைக் காக்கப் பல்துலக்கியும் ஆன்மாவைக் காக்கச் சமயத் துண்டுப்பிரசுரமும் கொடுப்போரும் உளர். இவர்கள் பிள்ளைக்காகத் தெரிவு செய்வதில்லை. தம் ஒழுக்கத்தைத் தாமே மெச்சிக்கொள்ளவே தெரிவு செய்கின்றனர். பேய்வேடமிட்டுக் குளிரில் நடந்துவந்த குழந்தைக்கு அதன் நாவுக்கு இனியதைக் கொடுப்பதே முறை. 2014 இல் செல்வர் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர், ஏழைப் பகுதிப் பிள்ளைகள் வாகனங்களில் தம் தெருவுக்கு வருவதாக ஒரு சஞ்சிகையின் ஆலோசனைப் பகுதிக்கு முறையிட்டார். அவர்களுக்கும் இனிப்பு வாங்கிவையுங்கள் என்று பதில் எழுதியவர் கண்டித்தார். சரியான பதில். ஆனால் எந்த இனிப்பு?

பெரிதும் விரும்பப்படுவது சொக்கலேற். உலகின் கொக்கோவிற் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ற், கானா ஆகிய இரு நாடுகளிலே விளைகிறது. அவ்விரு நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15.6 இலட்சம் சிறுவர்கள் அப்பயிர்த் தொழிலிற் சிறுவர் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என 2018–19 நிலைமையை ஆராய்ந்து 2020 இல் வெளியான அறிக்கை மதிப்பிட்டது. கத்தியால் காய் பிளப்பதும் பாரச் சுமை தூக்குவதும் அவர்கள் செய்யும் வேலைகளுட் சில. வாசலில் நிற்கும் பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்று அரை நூற்றாண்டாகக் கேட்டுவரும் நாடு, அந்தத் தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி அதே பதற்றத்துடன் கேட்டதில்லை.

அதற்காக, கூலிக்கு உழைக்கும் ஒரு தாய் மலிவான கலவைப் பொதியை வாங்கினாள் என்று அவளைக் குற்றவாளியாக்குவது நமக்கு உடன்பாடன்று. நியாய வணிக முத்திரை பெற்ற சொக்கலேற் பெரும்பாலும் விலை கூடியது. இயன்றவர் அதை வாங்கட்டும். அல்லது கொக்கோ சேராத இனிப்பை வாங்கட்டும். பிள்ளை அதையும் மகிழ்ந்தே உண்ணும். ஆயினும் கண்ணைத் திறந்து தெரிவு செய்யும் வாய்ப்பே மக்களுக்கு மறுக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. 2001 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அடிமை உழைப்புக் கலவாத சொக்கலேற்றுக்கு முத்திரை வகுக்க நிதி ஒதுக்கி வாக்களித்தது. கம்பனிகள் அதை எதிர்த்தன. முடிவில், சட்டத்துக்குப் பதிலாக அவை தாமே விரும்பிக் கைச்சாத்திட்ட உடன்படிக்கை ஒன்றே எஞ்சிற்று. 2005 இல் நிறைவேற வேண்டிய அதன் வாக்குறுதி 2008 க்கும், பின்னர் 2010 க்கும், அதன்பின் இலக்கைக் குறைத்து 2020 க்கும் தள்ளிவைக்கப்பட்டது. உறையில் இன்று சீனியின் அளவு உண்டு, சேர்மானங்களின் பட்டியல் உண்டு. காயைப் பிளந்த கையின் வயது அச்சிடப்படுவதில்லை.