மறைத்த பை

1956ஆம் வருஷத்துப் புகைப்படம் ஒன்று. அந்த வருஷம் ஏப்ரலில் மொனாக்கோ இளவரசரை மணந்து சினிமாவை விட்டுவிட்ட கிரேஸ் கெல்லி, ஒரு பெரிய தோல்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்திருக்கிறார். கர்ப்பம். எதிரே காமிராக்காரர்கள். அந்த நிமிஷத்தில் பை பையாக இல்லை, சாத்திய கதவாக இருக்கிறது.

பையைச் செய்தது ஹெர்மெஸ். 1837ல் பாரிஸில் குதிரைச் சேணம் தைக்க ஆரம்பித்த கடை. 1930களிலிருந்தே அந்தப் பையை வேறு பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். படம் பத்திரிகைகளில் வந்த பிறகு ஜனங்கள் அதை 'கெல்லி பை' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். 1977ல் கடையும் அந்தப் பெயரையே அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டது. இன்று அதன் விலை என் ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல். வாங்க நினைக்கிறவன் கேட்கிற கேள்வியல்ல என்னுடையது. என்னைப் பார்க்காதே என்று ஒருத்தி வைத்த தடையை, என்னைப் பார் என்று சொல்வதற்காக இன்னொருத்தி விலை கொடுத்து வாங்குகிறாளே, அங்கே விற்கப்படுவது எது?

இந்தப் பத்திரிகையில் இதற்கெல்லாம் இடமா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். ராஜ குடும்பம், கைப்பை, பாரிஸ் தையற்கடை எல்லாம் சலூன் பெஞ்சில் கிடக்கிற வாரப்பத்திரிகை சமாச்சாரம் என்று. உருவமா உள்ளடக்கமா என்று இருபது பக்கம் சண்டை போடுகிற நாம், உருவத்துக்காக மட்டுமே உலகம் பணம் கொடுக்கிற ஒரு துறையைத் திரும்பிப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம்.

படித்தவன் உடனே வெப்லனைச் சொல்வான். 1899ல் அவர் எழுதிய ஓய்வு வர்க்கம் பற்றிய புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, செல்வம் தன்னைக் காட்டிக்கொள்ள விரயம் செய்கிறது என்று. ஸிம்மலையும் சொல்லலாம்: மேலிருப்பவனைக் கீழிருப்பவன் பின்பற்ற, மேலிருப்பவன் அதை உதறிவிட்டு வேறொன்றுக்குப் போகிறான். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுமே, மேலே இருப்பவர் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டுவிடுகின்றன. கெல்லியின் பை அந்தக் கணக்கில் அடங்கவில்லை. அங்கே பரவியது காட்டியது அல்ல, மறைத்தது.

இது புதிதும் அல்ல. வெர்ஸாய் அரண்மனையில் மரீ அந்த்வானெத் காலையில் உடுத்துவது ஒரு பொதுச்சடங்கு. அவருடைய பணிப்பெண்ணாக இருந்த மதாம் காம்பான் தன் நினைவுக்குறிப்பில் ஒரு குளிர்கால நாளைச் சொல்கிறார். ராணிக்கு உள்ளாடையை எடுத்துக் கொடுக்கும் உரிமை அங்கே இருப்பவர்களில் அந்தஸ்தில் உயர்ந்தவருக்கு. கொடுக்கப் போகும்போது ஒரு சீமாட்டி வருகிறார், துணி அவர் கைக்குப் போகிறது. அவரைவிட உயர்ந்த இன்னொருவர் வருகிறார், துணி மறுபடி கை மாறுகிறது. அவ்வளவு நேரமும் ராணி உடம்பில் துணியில்லாமல், கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு குளிரில் நிற்கிறார். அந்தக் கைகளைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கெல்லிக்குப் பை கிடைத்தது. இவருக்குத் தன் கைகள்தான்.

இப்படி நின்றவர் பிறகு மெல்லிய வெள்ளை மஸ்லினைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. விறைத்த பாவாடைக்கூடு இல்லை, ஜரிகை இல்லை. இடுப்பில் ஒரு பட்டி, தலையில் வைக்கோல் தொப்பி. சின்ன மாளிகையில், சபையின் கண்ணுக்கு வெளியே உடுத்திய உடுப்பு. 1783ல் ஓவியர் விஜெ லெப்ரன் அவரை அந்த உடுப்பிலேயே வரைந்து பொதுக் கண்காட்சியில் வைத்தார். ஊர் கொதித்தது. ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டை விட்டு அந்நியத் துணி உடுத்துகிறாள், லியோன் நெசவாளர் வயிற்றில் அடிக்கிறாள் என்றார்கள். படத்தை எடுத்துவிட்டு, அதே ஓவியர் வேறு படம் வரைந்து மாட்டினார். அதே நிலை, கையில் அதே ரோஜா, உடம்பு மட்டும் பட்டுக்குள்.

வைதவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அந்த மஸ்லின் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. ராணியின் எளிமை பெருஞ்செலவு பிடித்த எளிமை. லியோனில் தறி ஓடுவது அவர் என்ன உடுத்துகிறார் என்பதைப் பொறுத்திருந்தது. அப்படியிருக்க, என் உடம்பு என் சொந்த விஷயம் என்று ஒரு ராணி சொல்ல முடியுமா? சொல்லக்கூடாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. குளிரில் குறுக்கே கட்டிய கைகள் வாதத்தில் குறுக்கிடுகின்றன.

ஆனால் வைத ஊர்தான் அந்த உடுப்பைப் பின்பற்றியது. சில வருஷங்களில் பாரிஸிலும் லண்டனிலும் சீமாட்டிகள் அதை உடுத்தினார்கள். அதற்குப் பெயரே ராணியின் ஷெமீஸ். நம் கமீஸும் அதே பழைய லத்தீன் வேரிலிருந்து வந்த வார்த்தைதான். கண்ணிலிருந்து தப்பிக்க உடுத்தியது கண்ணுக்கு விருந்தாகிவிட்டது. 1793 அக்டோபரில் கில்லட்டினுக்குப் போனபோதும் அவர் உடுத்தியிருந்தது வெள்ளைதான்.

மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி இதற்கு நேர்மாறு. லியோன் பட்டை உடுத்துவது அரசாங்க வேலை என்று ஏற்றுக்கொண்டார்; அவற்றைத் தன் 'அரசியல் உடுப்புகள்' என்றே சொல்வாராம். அவருக்குத் தைத்தவர் இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்கு வந்து 1858ல் கடை வைத்த சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த். ஓவியன் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவதுபோல் உடுப்பின் உட்புறத்தில் தன் பெயரைத் தைத்தவர். 1870ல் சாம்ராஜ்யம் விழுந்தது. பேரரசி இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். வொர்த்தின் கடை ஓடவில்லை. கிரீடம் போனபிறகும் பெயரட்டை செல்லுபடியானது. இன்றைய ஆடம்பரக் கடைகளின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு துண்டு நாடாவில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

டயானாவுக்கு வருகிறேன். 1995 செப்டம்பரில் பாரிஸில் செஸான் ஓவியக் கண்காட்சிக்கு வந்தவருக்கு, பிரெஞ்சு ஜனாதிபதியின் மனைவி டியோர் கடையின் சின்னக் கறுப்புப் பை ஒன்றைப் பரிசளித்தார். டயானா அதைப் போகிற இடமெல்லாம் கொண்டுபோனார். அடுத்த வருஷம் கடை அதற்கு 'லேடி டியோர்' என்று பெயர் மாற்றியது. லேடி டயானா என்பது அவருடைய கன்னிப் பருவத்துப் பட்டம். அதே 1996 ஆகஸ்டில் விவாகரத்து முடிந்து, மேன்மைதங்கிய என்ற அடைமொழியை அரண்மனை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அரசு பறித்துக்கொண்ட வருஷத்தில் கடை ஒரு பட்டம் சூட்டியிருக்கிறது, அவருக்கல்ல, பைக்கு. டிசம்பரில் நியூயார்க் மியூசிய விருந்துக்கு டியோரின் நீல உடுப்பில் அதே ஜாதிப் பையோடு போனார்.

அவர் பைகளை எதற்குப் பயன்படுத்தினார் என்பதும் தெரிந்ததுதான். காரிலிருந்து குனிந்து இறங்கும்போது சின்னக் கைப்பையை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். காமிராக்கள் அந்தக் குனிதலுக்காகத்தான் காத்திருக்கும். மறுபடியும் கதவு.

அவர் ஒளிந்தவர் மட்டும்தான் என்று எழுதினால் அது பொய். 1994 ஜூன் 29 அன்று, தன் துரோகத்தைக் கணவர் டெலிவிஷனில் ஒப்புக்கொண்ட இரவு, தோள் தெரியும் கறுப்பு உடுப்பில் விருந்துக்குப் போனவரும் அவர்தான். அன்று பார்வை அவருக்கு ஆயுதம். 1997 ஜூனில் தன்னுடைய 79 உடுப்புகளை நியூயார்க்கில் ஏலம் விட்டு, புற்றுநோய்க்கும் எய்ட்ஸுக்குமான தர்ம காரியங்களுக்குப் பணம் சேர்த்தார். தன் உடம்பு பட்டதால் ஏறிய விலையைத் தானே வசூலித்தார். காட்டவும் மறைக்கவும் முறை வகுத்துக்கொள்ளும் உரிமையைத்தான் அவர் கேட்டிருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் தினமும் பஸ்ஸில் கேட்பது அதைத்தான்.

செத்த பிறகு அந்த முறையும் இல்லை. வெள்ளை ஆடுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு ஆடு உள்ள சிவப்புக் கம்பளிச் சட்டை ஒன்றை அவர் 1981ல் போலோ மைதானத்துக்குப் போட்டுப் போனார். அது கிழிந்துவிட, சரிசெய்யவோ மாற்றவோ முடியுமா என்று அரண்மனையிலிருந்து கடிதம் போனது. தைத்த இரண்டு பெண்கள் புதிதாக ஒன்று பின்னிக் கொடுத்தார்கள். பழையது அவர்களிடம் தங்கி, 2023ல் பரணில் கிடைத்தது. அந்த வருஷமே அது 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கிழிசலோடு.

நான் உட்காரும் பாங்க்கில் நகைக்கடன் உண்டு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், அமிலம் விடுவார், கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழிப்பார். கிழவிகள் சொல்வார்கள்: "இது எங்கம்மா போட்டிருந்ததுங்க சார், அவங்க போறப்ப கழுத்துலேந்து கழட்டினது." அவர் தலையை ஆட்டிக்கொண்டே கிராமை எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது ராட்சசத்தனமாகப் பட்டது. ஒரு கவிதைகூட எழுதிப்பார்த்தேன், மோசமான கவிதை. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. யார் கழுத்து என்று பாங்க் கேட்கவில்லை. கழுத்துக்கு விலை போடவில்லை. தங்கத்துக்கு மட்டும் போட்டு, கழுத்தை அந்தக் கிழவியிடமே விட்டுவிடுகிறது. ஆடம்பரக் கடை செய்வது இதற்குத் தலைகீழ். தோலுக்கும் கூலிக்கும் கணக்குப் போட்டால் அந்த விலையில் ஒரு மூலைகூட வராது. மீதி முழுவதும் கழுத்து.

மேற்கே இருக்கிற கடைக்காரனைத் திட்டி முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் சுரங்கப்பாதையில் அவர் கார் நொறுங்கியபோது எனக்கு ஏழு வயது. துரத்தி வந்த வண்டிகளின் படுமோசமான ஓட்டமும், அவருடைய டிரைவரின் ஓட்டமும் சேர்ந்துதான் சாவுக்குக் காரணம் என்று 2008ல் லண்டன் ஜூரி சொன்னது. துரத்தியவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது, ஏனென்றால் படம் விற்றது. அந்த வருஷம் என் இரண்டாம் வகுப்பு நோட்டுக்கு அப்பா அட்டை போட்டுக் கொடுத்த தாளில் அவர் முகம் இருந்தது. அழகான முகம் என்று பக்கத்துப் பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்கு வகுப்பில் அதன் கண்களைச் சுற்றிப் பேனாவால் மூக்குக்கண்ணாடி வரைந்தேன்.

இந்தக் கட்டுரைக்காக, ஆரம்பத்தில் சொன்ன கெல்லியின் படத்தை மறுபடியும் தேடி எடுத்தேன். பெரிதாக்கிப் பார்க்கிற வசதி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. பையின் பூட்டு வரை பெரிதாக்கினேன், பிறகு விரல்கள் வரை. பைக்குப் பின்னால் ஏதாவது தெரிகிறதா என்று அடுத்தாற்போல் என் விரல் போனது.