எங்களுக்குன்னு ஒரு ஆள்

மஞ்சூர் கடைத்தெருவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிர்க்கடை தெரியாதபடி மூடுபனி. டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படுகர் பெரியவர் பேச்சுவாக்கில் அக்கம்மா தேவியின் பெயரை எடுத்தார்.

படுகரில் முதல் பெண் பட்டதாரி அந்த அம்மாள். 1918-இல் பிறந்தவர். 1962 தேர்தலில் நீலகிரித் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, 1967 வரை லோக்சபை மெம்பராக இருந்தார். 2012-இல் காலமானார்.

"எங்க பொண்ணு, சார்! டில்லியிலே எங்களுக்குன்னு ஒரு ஆள் இருந்தாங்க" என்றார் பெரியவர்.

அந்த 'எங்களுக்குன்னு' என்ற சொல் என்னை விடவில்லை. ஒரு சிறு சமூகம் தன்னுள் ஒருத்தியை வளர்த்து அனுப்பும்போது, தன் குரல் அவள் வாயில் ஒலிக்கவேண்டும் என்று ஆசைப்படாதா? நியாயமான ஆசைதான். ஆனால் வாக்குப்போட்டவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி உண்டு, குன்னூர் வியாபாரி உண்டு. அவர்கள் வாக்கையும் வாங்கிக்கொண்டு தன் ஹட்டிக்கு மட்டும் பேசுகிற மெம்பர், யாராயிருந்தாலும், பொதுப்பணத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்தாம். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்றும் உண்டு. இதே மலையில் தோடர்கள் இன்றும் சுமார் 2,000 பேர்தாம். அத்தனை வாக்கும் ஒன்றாய் விழுந்தாலும் ஒரு பார்லிமெண்ட் மெம்பரை உண்டாக்காது. அவர்களுக்காகப் பேசப் பிறத்தியார் வீட்டுப் பிள்ளைதான் போகவேண்டும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் டீக்கிளாஸைக் கையில் உருட்டியபடி வெகுநேரம் யோசித்தார்.

"வாஸ்தவம், சார். ஆனா தோடர் யாராச்சும் அந்த அம்மாவை 'எங்க பொண்ணு'ன்னு சொல்லுவாங்களா?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறிக்கொண்டேன்.