வயிற்றைச் சுருக்கிய பிறகு

எடையைக் குறைக்க நான் செய்துகொண்ட ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டுப்படும் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்களுக்குப் பலருக்குப் பசியே தெரிவதில்லை. அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும். சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஒரு பகலைக் கழிக்க முடியும் என்பதை நான் கண்டுகொண்டது அப்போதுதான்.

பிறகு, பசி திரும்புவதற்கு முன்பே நினைப்பு திரும்பிவிட்டது. காலைப் பலகாரம் முடித்துக் கை கழுவும்போதே மதியத்துக்கு என்ன என்று மனம் ஓடும். ராத்திரி படுத்தால் செல்போனில் பிரியாணி வீடியோ. ஒரு முழு இட்லி இறங்காத அதே வயிற்றில் மிக்சர் தாராளமாக இறங்கியது. மொறுமொறுப்பான பண்டம் மென்றதும் கூழாகிச் சீக்கிரமே வழுக்கிப் போய்விடும், வயிறு நிறைந்த உணர்வைத் தராது. டிவி முன் உட்கார்ந்து ஒவ்வொரு கையாக அள்ளினால் டப்பாவே காலியாகும்.

இதை மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களின் கோளாறு என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். எடை குறையக் குறைய அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தை நீட்டி நீட்டிச் சாப்பிட்டார்கள். வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்த பிறகும் பலருக்கு அந்த ஏக்கம் உடனே தணியவில்லை. குறைவாக உண்ணும் உடம்பு உணவையே நினைக்கும். அது அதன் இயல்பு. அதை அடக்க இன்னும் பட்டினி கிடப்பது எரிகிற அடுப்பில் விறகு செருகுவதுதான்.

ஆகவே நான் குறைப்பதை விட்டு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பாடு, பசிக்காவிட்டாலும். முதலில் முட்டை, மீன், பருப்பு; சோறு அதற்குப் பிறகு. தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. இவை டயட்டீஷியன் முதல் நாளே சொல்லிக்கொடுப்பவைதான்.

சொல்லித்தராத ஒன்று உண்டு. மாலை ஆறு மணிக்கு மிக்சர் டப்பாவை நோக்கிக் கை போகும்போது, அவித்த முட்டை ஒன்றை எடுத்து முன்னால் வைத்துப் பார்ப்பேன். பசி என்றால் அதைச் சாப்பிடத் தோன்றும். பெரும்பாலும் தோன்றாது. அந்த நேரத்தில் வேண்டியிருந்தது ஓய்வு, இல்லையென்றால் பேச ஒரு ஆள். இத்தனை வருடம் தனிமைக்கும் களைப்புக்கும் கோபத்துக்கும் நொறுக்குத்தீனி ஒன்றே மருந்தாக இருந்தது. அறுவை சிகிச்சை அந்த மருந்தின் அளவைக் குறைத்ததே ஒழிய, நோயைத் தொடவில்லை. இந்த ஏக்கம் சிலருக்கு மதுவின் பக்கம் திரும்பிவிடுவதையும் மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு விளங்க வைத்தவர் ஒரு மனநல ஆலோசகர். எடை குறைந்ததும் இத்தகைய ஆலோசகர்களிடம் போவதை நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அவர்கள் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் இருந்தால், பந்தியில் "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று வற்புறுத்தாதீர்கள். "ஆபரேஷன் பண்ணியும் இப்படியா?" என்றும் கேட்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.